தொடாமல் அழைக்கும் மின்தூக்கி



சில ஆண்டுகளுக்கு முன், நகரில் உள்ள உயர்மாடிக் கட்டடம் ஒன்றில், தோட்டத்திலிருந்து வந்திருந்த மூதாட்டி ஒருவர் மின்தூக்கியின் முன் திகைத்து நிற்கக் கண்டேன். அழுத்துவதற்குப் பொத்தான் இல்லை. கை படம் வரைந்த சிறு கண்ணாடி மட்டுமே இருந்தது. "இது படிச்சவங்களுக்குத்தான் போல" என்று கூறிவிட்டுப் படியேறத் தொடங்கினார். அவரை அழைத்து, அக்கண்ணாடியின் முன் கையை நீட்டுமாறு கூறினேன். விளக்கு எரிந்தது, மின்தூக்கியும் வந்தது. அவர் முகத்தில் மலர்ந்த வியப்பே இக்கட்டுரைக்குக் காரணம்.

கயிறு அறுந்தால் தூக்கி விழுந்துவிடும் என மக்கள் அஞ்சிய காலம் ஒன்றிருந்தது. எலிஷா ஓட்டிஸ் என்னும் அமெரிக்கர், 1854ஆம் ஆண்டில் நியூயார்க் பொருட்காட்சியில், தாம் நின்ற மேடையின் கயிற்றைப் பலரும் காண வெட்டச் செய்தார். மேடை விழவில்லை, அவர் அமைத்த தடுப்புக் கருவி அதனைப் பிடித்து நிறுத்தியது. மக்களின் அச்சமும் குறையலாயிற்று.

2020ஆம் ஆண்டில் கோவிட்-19 நோய் உலகெங்கும் பரவிற்று. மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. பலர் கைபட்ட பொத்தானைத் தொடவே மக்கள் அஞ்சினர். பாங்காக்கில் உள்ள பேரங்காடி ஒன்றில் காலால் மிதித்து இயக்கும் கட்டைகளை அமைத்தனர். வேறு இடங்களில் தொடாமலே இயங்கும் உணர்கருவிகள் பரவின.

இக்கருவி இயங்கும் முறை யாது? விடியுமுன் மரம் வெட்டச் செல்வோரின் தலைவிளக்கை எண்ணிப் பாருங்கள். அதன் ஒளி வெள்ளை மங்கின் மீது பட்டுத் திரும்பிக் கண்ணை அடைவதால்தான் மங்கு தெரிகிறது. உணர்கருவியும் அவ்வாறே ஒளியை வெளியிடுகிறது. ஆனால், அது நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிராகும். 1800ஆம் ஆண்டில் வில்லியம் எர்சல் என்னும் அறிஞர் இக்கதிரைக் கண்டறிந்தார். நம் புந்தோங் கச்சாங் பூத்தே கம்பத்தில், கடலை வறுக்கும் அடுப்பின் பக்கத்தே நிற்கும்போது கன்னத்தில் படும் வெம்மையும் பெரும்பாலும் இக்கதிரால் வருவதே. நாம் கையை நீட்டியதும் கதிர் கையில் பட்டுத் திரும்புகிறது. கருவியின் மற்றொரு பகுதி அதனை ஏற்றுச் சிறு மின்குறியாக மாற்றுகிறது. பொத்தான் செய்த வேலையை அக்குறி செய்துவிடுகிறது. இதில் மந்திரம் ஏதுமில்லை.

கோவிட் நோய் பெரும்பாலும் காற்றின் வழியே பரவுகிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. எனினும், சிறுவரைத் தாக்கும் கை, கால், வாய்ப்புண் நோய் போன்றவை தொடுபொருள்களின் வழியாகவும் பரவுவதுண்டு. ஆகவே, எத்தகைய கருவி வந்தாலும் சவர்க்காரம் இட்டுக் கைகழுவும் பழக்கத்தைக் கைவிடலாகாது.

மற்றொன்றும் சிந்திக்கத்தக்கது. இரு கைகளிலும் சுமை உடையவர்க்கும் விரல்களால் அழுத்த இயலாதவர்க்கும் இக்கருவி பெருந்துணை. ஆனால், பார்வையற்றவரோ பொத்தானின் அருகே புடைத்து நிற்கும் புள்ளிகளைத் தடவியே தம் வழியை அறிகிறார். வழுவழுப்பான கண்ணாடி அவர் விரலுக்கு ஒன்றும் சொல்வதில்லை. ஆதலால், புதியதைப் பொருத்துவோர் பழைய பொத்தானையும் அதனருகே விட்டுவைத்தல் வேண்டும். ஒருவருக்குத் திறக்கும் கதவு மற்றொருவருக்கு அடைபடலாகாது.

மாணவர்களே! அறியாததைக் கேட்டறிவது இழிவன்று. நீங்கள் கற்றதை இன்றிரவே உங்கள் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் எடுத்துச் சொல்லுங்கள். நாளை அவர்கள் எந்தக் கதவின் முன்னும் தயங்கி நிற்கமாட்டார்கள்.