அம்புக்குறி எந்தப் பக்கம்?

கர்நாடகத்தில் கோலார் தங்கவயல் இருக்கிறது. அங்கே பல தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழ்கிறார்கள். அவர்களின் முன்னோர் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள். 2001-ஆம் ஆண்டு அந்தச் சுரங்கம் மூடப்பட்டது. ஆனால் தொழிலாளர் குடியிருந்த லைன் வீடுகள் இன்றும் இருக்கின்றன. அவை ஒன்றோடு ஒன்று ஒட்டிய வரிசை வீடுகள்.

அப்படி ஒரு லைனில் ஒரு வெல்டர் குடியிருக்கிறார். அவரிடம் ஒரு பழைய பெட்ரோல் கார் உண்டு. அது கார்புரேட்டர் வைத்த கார். வெல்டிங் சாமான்களை அதில்தான் ஏற்றிப் போவார். கார் ஓடினால்தான் அவருக்கு வேலை.

ஒரு வாரமாகக் கார் மக்கர் செய்தது. நின்ற இடத்தில் இஞ்சின் நன்றாக ஓடியது. மேடு ஏறும்போது திக்கித் திக்கி இழுத்தது. கடைசியில் நடுவழியில் நின்றுவிட்டது.

பக்கத்து லைனில் ஒரு மெக்கானிக் இருந்தார். அவர் வந்து பார்த்தார்.

"பெட்ரோல் ஃபில்டர் அடைச்சிருக்கு தம்பி. புதுசு மாத்தணும். சின்ன வேலைதான். நீயே செய்யலாம்" என்றார்.

வெல்டர் புது ஃபில்டர் வாங்கி வந்தார். அப்போது மாலை ஆறு மணி. கார் வீட்டு வாசலில் நின்றது. பானட்டைத் திறந்தார். அவர் வாயில் பீடி புகைந்தது. வீட்டுக்குள் அடுப்பு எரிந்தது.

அவர் மனைவி ஓடி வந்தார்.

"என்னங்க, நிறுத்துங்க! முதல்ல பீடியை அணைங்க. பெட்ரோல்ல தீப் பிடிச்சா நம்ம வீடு மட்டுமா எரியும்? இந்த லைனே எரியும்!"

வெல்டர் திகைத்துப் போனார். தள்ளிப் போய்ப் பீடியை அணைத்தார். பானட்டை மூடினார். மறுநாள் காலையில் நான்கு பேர் சேர்ந்து காரை மைதானத்துக்குத் தள்ளிப் போனார்கள்.

ஃபில்டர் என்ன செய்கிறது?

டீயை வடிகட்டுகிறோம். தூள் மேலே நிற்கிறது. டீ கீழே இறங்குகிறது. பெட்ரோல் ஃபில்டரும் அப்படித்தான். டேங்கில் துருவும் தூசியும் சேரும். அவை கார்புரேட்டருக்குப் போகாமல் ஃபில்டர் தடுக்கிறது. நாளாக ஆக அழுக்கு நிறைகிறது. மேடு ஏற இஞ்சினுக்கு அதிகப் பெட்ரோல் வேண்டும். அடைத்த ஃபில்டர் வழியே அது போதுமான அளவு வராது. அதனால் கார் திக்குகிறது.

தீ ஏன் பிடிக்கிறது?

பெட்ரோல் விரைவில் ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு பரவும். தள்ளி இருக்கும் அடுப்பைக்கூடப் போய்த் தொடும். ஒரு பொறி போதும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதக்கும். தீ இன்னும் பரவும். மணலைப் போட வேண்டும்.

மாற்றும் முறை

1. காரைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். இஞ்சின் நன்றாக ஆறட்டும்.

2. குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.

3. பேட்டரியில் கழித்தல் குறி (−) உள்ள பக்கத்து ஒயரைக் கழற்றுங்கள். பொறி வராமல் இருக்க இது உதவும்.

4. பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து மூடுங்கள். உள்ளே அழுத்தம் இருந்தால் குறையும்.

5. ஃபில்டருக்குக் கீழே ஒரு தகர டப்பா வையுங்கள்.

6. இரண்டு பக்கக் கிளிப்புகளையும் தளர்த்துங்கள். ரப்பர் டியூப்பை மெல்லத் திருகி இழுங்கள். டேங்க் பக்கத்து டியூப்பில் பெட்ரோல் வழிந்தால், சுத்தமான போல்ட்டைச் செருகி அடையுங்கள்.

7. டியூப்பில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். 2025-இல் அது 20 சதவீதத்தை எட்டியது. பழைய ரப்பரை எத்தனால் கெடுக்கலாம். வெடித்த டியூப்பையும் மாற்றிவிடுங்கள்.

8. புது ஃபில்டரை மாட்டிக் கிளிப்பை முடுக்குங்கள். அளவுக்கு மீறி முடுக்கினால் பிளாஸ்டிக் முனை உடையும்.

வெல்டர் புது ஃபில்டரை மாட்டப் போனார். மனைவி எட்டிப் பார்த்தார்.

"இதுல ஒரு அம்புக்குறி போட்டிருக்கே. இது எந்தப் பக்கம் பார்க்கணும்?"

மெக்கானிக் சிரித்தார். "நல்லா கேட்டம்மா! பெட்ரோல் போற பக்கம் பார்க்கணும். டேங்க்ல இருந்து கார்புரேட்டர் பக்கம்."

வெல்டர் கையில் ஃபில்டர் தலைகீழாக இருந்தது. அவர் அதைத் திருப்பி மாட்டினார்.

சிந்திய பெட்ரோலைத் துடைத்தார். அது நன்றாகக் காய்ந்த பிறகே பேட்டரி ஒயரை மாட்டினார். இஞ்சின் உடனே ஓடவில்லை. புது ஃபில்டரில் பெட்ரோல் நிறையச் சற்று நேரம் ஆனது. நாலாவது முறை ஓடியது. எங்கும் கசிவு இல்லை. பெட்ரோல் பட்ட துணியைத் திறந்த வெளியிலேயே விரித்துப் போட்டார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார்.

மனைவி ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து வந்தார். அன்றைய தேதியை எழுதினார். காரில் தெரிந்த கிலோமீட்டர் எண்ணையும் எழுதினார். சென்ற ஆண்டுதான் அவர் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார்.

"அடுத்த தடவை எப்ப மாத்தணும்னு இனிமே நாமே பார்த்துக்கலாம்" என்றார்.

கவனம்!

இப்போது வரும் பெட்ரோல் கார்களில் கார்புரேட்டர் இல்லை. அவற்றில் பெட்ரோல் அதிக அழுத்தத்தில் வரும். டியூப்பைக் கழற்றினால் பீய்ச்சி அடிக்கும். பல கார்களில் ஃபில்டர் டேங்குக்கு உள்ளேயே இருக்கும். அத்தகைய காரில் நாமே கை வைக்கக் கூடாது. மெக்கானிக்கிடம் கொடுக்க வேண்டும். உங்கள் கார் எந்த வகை என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

விடை சொல்லுங்கள்

1. கார் ஏன் மேட்டில் திக்கியது?
2. மனைவி ஏன் வேலையை நிறுத்தச் சொன்னார்?
3. பெட்ரோல் தீயில் ஏன் தண்ணீர் ஊற்றக் கூடாது?
4. அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?
5. உங்கள் வீட்டில் பெட்ரோல் அல்லது மண்ணெண்ணெய் எங்கே இருக்கிறது? அது அடுப்புக்குப் பக்கத்திலா? இன்றே பாருங்கள்.