மாட்டின் வயிற்றில் கம்பி: கால்நடைக் கல்லூரி மருத்துவமனை தரும் பாடம்

நன்றாகக் கறந்துகொண்டிருந்த பசு ஒரு நாள் காலையில் திடீரெனப் பாலைக் குறைத்துவிடுகிறது. தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கி நிற்கிறது, அசை போடுவதில்லை. செரிமானக் கோளாறு என்று எண்ணி வீட்டில் கஷாயம் புகட்டுகிறார்கள். இரண்டு நாள் தேறியதுபோல் இருந்து மீண்டும் தீவனத்தை வெறுக்கிறது. இப்படி வரும் மாடுகளுள் சிலவற்றின் துன்பத்திற்குக் காரணம் வெறும் அஜீரணம் அன்று. வயிற்றில் குத்தி நிற்கும் ஆணி அல்லது கம்பித் துண்டேயாகும்.

கற்கும் இடமே சிகிச்சை இடம்

சென்னை வேப்பேரியில் 1903-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி, 1989 முதல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் அங்கமாக உள்ளது. இத்தகைய கல்லூரியின் மருத்துவமனை சிகிச்சைக்கான இடம் மட்டுமன்று. மாணவர்களின் வகுப்பறையும் அதுவே. கால்நடை மருத்துவப் பட்டப் படிப்பு ஐந்தரை ஆண்டுகள். அதில் கடைசி ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி. அப்போது மாணவர்கள் ஆசிரியர்களின் மேற்பார்வையில் நோயுற்ற கால்நடைகளை நேரில் பார்த்துப் பழகுகிறார்கள்.

மாணவர் முதலில் செய்வது ஊசி போடுவதன்று, கேள்வி கேட்பதே. மாடு என்று ஈன்றது? எப்போதிலிருந்து தின்னவில்லை? பால் படிப்படியாகக் குறைந்ததா, ஒரே நாளில் குறைந்ததா? வீட்டருகே கட்டட வேலை நடந்ததா? என்ன மருந்து கொடுக்கப்பட்டது? இதே கேள்விகளை ஆசிரியர் மறுபடியும் கேட்கக்கூடும். அதனால் சலிப்படைய வேண்டாம். வாய் பேசாத பிராணிக்காக வளர்ப்பவரே பேச வேண்டும்.

ஆணி செல்லும் வழி

மாடு தீவனத்தை நன்கு மெல்லாமல் விழுங்கிவிட்டுப் பின்னர் அசை போடும் பிராணி. ஆகவே வைக்கோலோடும் தவிட்டோடும் கலந்த ஆணி, ஊசி, கம்பி ஆகியவையும் உள்ளே போய்விடுகின்றன. கனமான இப்பொருள்கள் தேன்கூடு போன்ற அமைப்புடைய இரண்டாம் வயிற்றில் தங்குகின்றன. இதற்கும் இதயத்திற்கும் இடையே உதரவிதானம் என்னும் மெல்லிய தசைச் சுவரே உள்ளது. வயிறு சுருங்கி விரியும்போது கூர்மையான கம்பி முன்னோக்கிக் குத்தி, இதய உறையையும் எட்டிவிடலாம். நிறைசினைக் காலத்திலும், ஈனும்போது முக்குவதாலும் இந்த அபாயம் கூடுகிறது.

நோயுற்ற மாடு முதுகை வளைத்து, முன்னங்கால் முட்டிகளை அகற்றி நிற்கும், இறக்கத்தில் நடக்கத் தயங்கும், படுக்கும்போது முனகும். முதுகின் முன்பகுதித் தோலை இறுகப் பிடித்தால் நலமான மாடு முதுகைத் தாழ்த்தும். வலியுள்ள மாடு தாழ்த்தாமல் விறைத்து நிற்கும். இந்த எளிய சோதனையை மாணவர்கள் கையால் செய்து கற்கிறார்கள்.

ஆராய்ச்சியின் பயன்

உலோகங்காட்டும் கருவி ஒலித்தால் உள்ளே உலோகம் உண்டு என்று மட்டுமே பொருள். நலமாயுள்ள மாடுகளின் வயிற்றிலும் இரும்பு கிடப்பதுண்டு. அது குத்தியிருக்கிறதா என்பதே முக்கியம். இதைக் கண்டறிய இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, வயிற்றின் அசைவைக் காட்டும் ஸ்கேன் ஆகியவை உதவுகின்றன. ஒவ்வொரு மாட்டின் அறிகுறி, பரிசோதனை முடிவு, சிகிச்சைப் பலன் ஆகியவை பதிவேட்டில் எழுதப்படுகின்றன. பல மாடுகளின் பதிவுகளை ஒப்பிட்டுப் பார்த்தே எந்த அறிகுறியை நம்பலாம், எந்த மாட்டுக்கு அறுவை பலன் தரும் என்று ஆராய்கிறார்கள். இறந்த மாட்டைப் பிரேதப் பரிசோதனை செய்ய இசைவது அடுத்த மாட்டைக் காக்கும் உதவியாகும்.

தொடக்கத்திலேயே வந்தால், இடப்பக்க விலாவில் மரத்துப்போகும் ஊசி போட்டு, பெருவயிற்றைத் திறந்து கம்பியை எடுத்துவிடலாம். கழுத்து நரம்பு புடைத்து, அலைதாடியில் நீர் கோத்தபின் வந்தால் பிழைப்பது அரிது.

வளர்ப்போர் செய்ய வேண்டியவை

1. ஆணி, கம்பி, ஊசி ஆகியவற்றைத் தொழுவத்திலும் வைக்கோற் போரின் அருகிலும் போடக் கூடாது. கூட்டிய குப்பையைத் தீவனத்தில் சேர்க்கக் கூடாது.

2. தின்னாத மாட்டுக்கு வலிந்து மருந்து புகட்டக் கூடாது. அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

3. ஒரு நாளில் தேறாவிட்டால் அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவர் பரிந்துரைத்தால், முந்தைய மருந்துச் சீட்டுகளுடன் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

4. மருத்துவர் ஆலோசனைப்படி இரண்டாம் வயிற்றில் காந்தத் துண்டு செலுத்தலாம். அது இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செம்பு, அலுமினியக் கம்பிகளைப் பிடிக்காது.

பயிற்சி பெறும் மாணவர் மாட்டைத் தொடுவதைக் கண்டு சிலர் தயங்குவதுண்டு. அருகில் ஆசிரியர் இருக்கிறார். இன்று இந்த மாட்டின் வலியைக் கண்டறியக் கற்ற கைதான் நாளை ஒரு கிராமத்து மருந்தகத்தில் மற்றொரு விவசாயியின் பசுவைக் காக்கப் போகிறது. எனவே நோய் முற்றும்வரை காத்திராமல் காலத்தில் கொண்டுவருவதும், நடந்ததை மறைக்காமல் சொல்வதும் கால்நடை வளர்ப்போரின் கடமையாகும்.