பல்லக்குத் தூக்கியின் மகன்



கோலசிலாங்கூர் புக்கிட் மெலாவத்தி குன்றின்மேல் சிலாங்கூர் சுல்தான்கள் காலத்துப் பீரங்கிகளைக் கண்டிருப்பீர்கள். போர் நடந்ததைப் பீரங்கி சொல்லும்; அரசவையில் மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை ஓவியமே சொல்லும். அத்தகைய ஓவியங்களை இந்தியாவில் முகலாய மன்னர்கள் தீட்டச் செய்தனர். அவற்றைச் சிற்றோவியங்கள் என்பர்.

பெரும்பாலும் ஒரு நூலின் பக்கத்தளவே உள்ள தாளில் அரியணை, அமைச்சர், யானை, இசைவாணர், ஏவலர் அனைவரும் அடங்கிவிடுவர். இது எவ்வாறு இயன்றது? தாளை வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினர். அணில் வால் மயிரால் நுண்ணிய தூரிகை செய்தனர். ஆப்கானிஸ்தானத்து மலையில் வெட்டிய கல்லை அரைத்து நீல வண்ணமும், செம்புத் தாதுக் கல்லை அரைத்துப் பச்சை வண்ணமும் பெற்றனர். வண்ணப்பொடி தாளில் ஒட்டுவதற்கு மரப்பிசினைக் கலந்தனர். பொன்னும் வண்ணமாயிற்று.

1556 முதல் 1605 வரை ஆண்ட அக்பரின் ஓவியக்கூடத்தில் தஸ்வந்த் என்பார் ஒருவர் இருந்தார். அவர் பல்லக்குத் தூக்கியின் மகன். வரைய வேண்டும் என்ற வேட்கையால் சுவர்களிலும் உருவங்களைத் தீட்டி வந்தார். ஒருநாள் அவை அக்பரின் கண்ணில் பட்டன. மன்னர் அவரைத் தண்டிக்கவில்லை. பாரசீகத்திலிருந்து வந்த பேராசிரியர் அப்துஸ் சமதுவிடம் பயில அனுப்பினார். விரைவிலேயே தஸ்வந்த் தலைசிறந்த ஓவியர்களுள் ஒருவரானார். அக்பர் மகாபாரதத்தைப் பாரசீக மொழியில் பெயர்த்து 'ரஸ்ம்நாமா' என்னும் ஓவிய நூலாக்கியபோது, சுமார் 30 படங்களைத் தஸ்வந்த் வரைந்து அமைத்தார், பிறர் வண்ணமிட்டனர். 1584இல் அவர் மறைந்தார். அவர் வரலாற்றை அக்பரின் அவை வரலாற்றாசிரியர் அபுல் பசல் எழுதி வைத்துள்ளார்.

இதனைப் படித்தபோது நாம் நாணமுற்றோம். சில ஆண்டுகளுக்கு முன், புதிதாகச் சுண்ணாம்படித்த வகுப்புச் சுவரில் மாணவன் ஒருவன் கரித்துண்டால் மாட்டுவண்டி வரைந்தான். நாம் அவனைக் கடிந்து, அவன் கையாலேயே அழிக்கச் செய்தோம். வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் பிழையின்றி இருந்ததை அழிந்த பின்னரே எண்ணிப் பார்த்தோம். அதன்பின் அவன் சுவரிலும் வரையவில்லை, தாளிலும் வரையவில்லை.

பெற்றோர்களே! பால்மரம் சீவியும் செம்பனைக் குலை வெட்டியும் உழைக்கும் உங்கள் இல்லத்திலும் ஒரு தஸ்வந்த் இருக்கலாம். சுவர் அழுக்கானால் மீண்டும் வெள்ளையடிக்கலாம். குன்றிய ஆர்வத்தைத் தளிர்க்கச் செய்வது அரிது. பிள்ளைக்கு ஒரு தாளும் பென்சிலும் கொடுங்கள். நம் பள்ளியின் பின்சுவரை இனி வரைவதற்கென்றே விட்டுவைத்துள்ளோம்.