சாயங்காலம் மட்டும் சூடாகாத டிரையர்

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்தில் துணி உலர்த்த ஒரு மெஷினா என்று கேட்டவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அத்தை படுத்த படுக்கையாக இருக்கிறார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியபோது வீட்டுக்குள்ளேயே கொடி கட்டி, ராப்பகலாக ஃபேனைப் போட்டும் விரிப்பு காயவில்லை. அந்த ஈரத்திலேயே அவரைப் படுக்கவைத்தோம். முதுகில் புண் வந்துவிட்டது. அதற்கு மருந்து வைத்துக் கட்டியவள் நான். “வெயில் கொளுத்தற ஊர்ல இது எதுக்கு?” என்று கேட்ட நாத்தனார் ஒரு நாள்கூட வந்து கட்டவில்லை. டிரையர் வாங்கியதை ஆடம்பரம் என்று யார் சொன்னாலும் இன்றைக்கும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அடுத்த ஐப்பசி மழையில் அது மக்கர் பண்ணியது. டிரம் சுற்றுகிறது, காற்று வருகிறது, சூடு மட்டும் இல்லை. இப்படி ஆனால் பஞ்சு வடிகட்டியைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். காற்று வெளியே போகும் குழாய் மடங்கியோ அடைத்தோ இருக்கிறதா பாருங்கள். துணியை வாஷிங் மெஷினில் நன்றாகப் பிழியவிட்டுப் போடுங்கள். எங்கள் மெஷினில் இதெல்லாம் சரியாகவே இருந்தது.

செங்கல்பட்டிலிருந்து மெக்கானிக் வந்தார். நல்ல மத்தியான நேரம். சாக்கெட்டில் மீட்டரை வைத்துப் பார்த்தார், 218 வோல்ட். “கரண்ட் ஓகே மேடம், காயில் வீக்காயிடுச்சு” என்று சொல்லி ஹீட்டர் காயிலை மாற்றினார். மெஷினைப் போட்டுக் காட்டினார், சூடு வந்தது. பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினார். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு விரிப்பைப் போட்டால், பழைய குருடி கதவைத் திறடி! மறுபடி கூப்பிட்டதும் மெஷினின் கன்ட்ரோல் போர்டு போயிருக்கும் என்றார். போர்டு விலை மெஷின் விலையில் பாதி.

காயில் ‘வீக்’ ஆகிவிட்டது என்று சொன்னால் நம்பாதீர்கள். அது ஒரு கம்பிச்சுருள். அறுந்தால் சூடு அறவே இருக்காது, அறுந்திருக்காவிட்டால் சுடும். 2000 வாட் காயில் என்றால் மல்டிமீட்டரில் சுமார் 26 ஓம் காட்ட வேண்டும். பார்க்க இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடித்துத்தான் ஒரு நல்ல காயிலைக் கழற்றிக் குப்பையில் போட்டார். கழற்றியதைப் பின்னால் அளந்து பார்த்தோம், அதே 26.

கடைசியில் எங்கள் தெருவில் போர் மோட்டாருக்கு வயரிங் பார்க்கும் அண்ணனைக் கூப்பிட்டேன். மெஷினை அவர் தொடவே இல்லை. “எப்ப எப்பம்மா சூடு வரல?” என்றுதான் கேட்டார். காலையில் பரவாயில்லை, பொழுது சாய்ந்தால் சுத்தமாக இல்லை என்றேன். “அப்ப நான் பொழுது சாஞ்சே வரேன்” என்று போய்விட்டார். லோ வோல்டேஜில் எத்தனையோ மோட்டார் கருகுவதைப் பார்த்த மனிதர்!

சொன்னபடி ஏழு மணிக்கு வந்து அளந்தார். 190. மெஷினைப் போடச் சொல்லி, அது ஓடும்போதே பக்கத்து சாக்கெட்டில் அளந்தார். 165. எங்கள் வீடு டிரான்ஸ்பார்மரிலிருந்து தள்ளி, கடைசிக் கம்பத்தில் இருக்கிறது. அது போதாதென்று வாசல் மீட்டரிலிருந்து கொல்லைப்புறம் வரை போன வயர், அந்தக் காலத்தில் ஒற்றை பல்புக்காக இழுத்தது. பிளக்கை உருவிக் கையில் கொடுத்தார், சுட்டது. பித்தளைக் கால்களில் ஒன்று பழுப்பேறியிருந்தது. விட்டத்து ஓரத்தில் வயரை முறுக்கி ஒட்டிய இடத்தில் டேப் கருகி, மொறமொறவென்று உதிர்ந்தது. மெஷினுக்குப் போக வேண்டிய சூட்டில் ஒரு பங்கு அங்கேதான் போயிருக்கிறது.

வோல்டேஜ் கால்பங்கு குறைந்தால் சூடும் கால்பங்குதான் குறையும் என்று நினைக்காதீர்கள். அது வர்க்கக் கணக்கில் குறையும். 230 வோல்ட்டில் 2000 வாட் தரும் காயில் 165 வோல்ட்டில் ஏறக்குறைய 1000 வாட்தான் தரும். மழைக்காலத்து ஈரக்காற்றில் விரிப்பு காய அது காணாது. சூடு வராத நேரத்தில், மெஷின் ஓடும்போது அளக்க வேண்டும் என்ற இந்த ஒன்று அந்த மெக்கானிக்குக்குத் தெரிந்திருந்தால் எங்கள் காசு மிஞ்சியிருக்கும்.

கொழுந்தனார் ஸ்டெபிலைசர் வாங்கச் சொன்னார். நான் மறுத்துவிட்டேன், அதுதான் சரி. 165-ஐ 230 ஆக்க ஸ்டெபிலைசர் அதே வயரிலிருந்து 12 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கருகிய ஒட்டு அன்றைக்கே பற்றிக்கொண்டிருக்கும். அதைவிட மோசம் மெக்கானிக் சொன்ன இன்னொரு யோசனை. வெப்பம் மீறினால் ஹீட்டரை நிறுத்தும் தெர்மல் ஃபியூஸைத் தூக்கிவிட்டு ‘டைரக்ட்’ கொடுக்கலாமாம். பஞ்சு சேரும் பெட்டிக்குள், எழுந்து நடக்க முடியாதவர் படுத்திருக்கும் வீட்டில்! யார் சொன்னாலும் விடாதீர்கள்.

மெயின் பாக்ஸிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 16 ஆம்பியர் பாயின்ட், அதற்கென்று ஒரு எம்.சி.பி., ஒழுங்கான எர்த். இவ்வளவுதான் செய்தோம். மொத்தச் செலவு அந்தப் போர்டின் விலைக்குக் கிட்டேகூட வரவில்லை. உங்கள் வீட்டிலும் மீட்டர் வாசல் பக்கமும் மெஷின் கொல்லைப் பக்கமும்தான் இருக்கும். முதலில் அந்த வயரைப் பாருங்கள்.

வீட்டு வயர் சரியான பிறகும் கம்பத்திலிருந்து வருவதே 190 என்றால் மின்னகம் புகார் மையத்துக்கு, 94987 94987, பேசிப் புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டைச் சுமை குறைந்த வேறு ஃபேஸுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது சாயங்காலமும் 210-க்குக் குறைவதில்லை. ஆனால் லைன்மேனை விளக்கு வைத்த பிறகு வரச் சொல்லுங்கள். மத்தியானம் வந்தால் அவர் மீட்டரிலும் 218 காட்டும், சரியாகத்தானே இருக்கிறது என்று திரும்பிப் போய்விடுவார்.