முட்டைப் பொடிமாஸ்: நம்ம பங்கும் தட்டில் இருக்கணும்



இந்த மாதம் சமையல் பாடம். "பொடிமாஸ் செய்ய எங்களுக்குத் தெரியாதா?" என்று சிரிப்பீர்கள். தெரியும்தான். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகூடச் செய்துவிடும். ஆனால் அதைச் செய்தவர் தட்டில் எவ்வளவு விழுகிறது? அதையும் சேர்த்துத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

அவித்த முட்டையும் பொடிமாஸும்

அவித்த முட்டைக்கு எண்ணிக்கை உண்டு. வீட்டில் ஐந்து பேர், முட்டை மூன்று என்றால் யாருக்கு இல்லை என்பது உடனே தெரிந்துவிடும். பொடிமாஸில் அது தெரியாது. வீட்டுக்காரருக்கு இரண்டு கரண்டி, பிள்ளைகளுக்கு இரண்டு கரண்டி, மாமியாருக்கு ஒரு கரண்டி. மிச்சம் சட்டியில் ஒட்டியிருப்பதில் சோற்றைப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, "நானும்தான் முட்டை சாப்பிட்டேன்" என்கிறோம். கூட்டங்களில் கேட்டால் நிறைய பேர் இதைத்தான் சொல்கிறார்கள். சட்டியில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் வெங்காயமும் எண்ணெயும்தான். முட்டை ஏற்கெனவே போய்விட்டது.

நமக்கு ஏன் வேண்டும்?

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. வளர்ந்த ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 46 கிராம் புரதம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் சொல்லியிருக்கிறது. சோறும் ரசமும் மட்டும் சாப்பிட்டால் அந்த அளவு வராது. களை எடுக்கிறோம், தண்ணீர் சுமக்கிறோம், நூறு நாள் வேலைக்குப் போகிறோம். உடம்பு எதை வைத்துத் தாங்கும்?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அதாவது பாதிக்கும் மேல். இருபது பேர் உள்ள குழுவில் பத்துப் பேருக்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். முட்டை மட்டும் சாப்பிட்டால் இரத்தசோகை போகாது. ஒரு முட்டையில் இரும்புச்சத்து சுமார் 1 மில்லிகிராம்தான். முட்டை கொடுப்பது புரதம், பி12, வைட்டமின் ஏ. அதனால்தான் இந்தப் பொடிமாஸில் முருங்கைக்கீரையையும் சேர்க்கிறோம். எப்போதும் அசதி, மூச்சு வாங்குதல், தலைசுற்றல் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் பரிசோதித்து, கொடுக்கும் மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள்.

தேவையான பொருட்கள் (5 பேருக்கு)

முட்டை – 5
சின்ன வெங்காயம் அல்லது பெரிய வெங்காயம் – கால் கிலோ
உருவிய முருங்கைக்கீரை – இரண்டு கைப்பிடி
பச்சை மிளகாய் – 3
கடுகு – அரை டீஸ்பூன்
மஞ்சள்தூள் – கால் டீஸ்பூன்
மிளகு, சீரகம் இடித்த பொடி – 1 டீஸ்பூன்
எண்ணெய் – 2 மேசைக்கரண்டி
கறிவேப்பிலை, உப்பு – தேவைக்கு
எலுமிச்சம்பழம் – அரை மூடி

செய்முறை

1. முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அடியில் படுத்தால் புதுசு. நிமிர்ந்து நின்றால் பழசு, உடனே சமைத்துவிட வேண்டும். மேலே மிதந்தால் வேண்டாம்.

2. ஒவ்வொரு முட்டையையும் முதலில் டம்ளரில் உடைத்து, முகர்ந்து பார்த்து, பிறகு கிண்ணத்தில் ஊற்றுங்கள். நேராகச் சட்டியில் உடைத்தால், ஒரு கெட்ட முட்டை மற்ற நாலையும் கெடுத்துவிடும். ஓட்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

3. முட்டையில் மஞ்சள்தூளும் கொஞ்சம் உப்பும் போட்டு நன்றாக அடித்து வையுங்கள்.

4. சட்டி காய்ந்ததும் எண்ணெய் ஊற்றி, கடுகு, கறிவேப்பிலை, பச்சை மிளகாய் தாளித்து, வெங்காயத்தைப் போட்டு வதக்குங்கள். தக்காளி போடுகிறவர்கள் இப்போதே போட்டு, தண்ணீர் வற்றும்வரை வதக்க வேண்டும். இல்லையென்றால் பொடிமாஸ் சொதசொதவென்று ஆகிவிடும்.

5. முருங்கைக்கீரையைப் போட்டு, ஒரு கை தண்ணீர் தெளித்து, கீரை வேகும்வரை கிளறுங்கள். முட்டை சீக்கிரம் வெந்துவிடும், கீரைக்கு நேரம் வேண்டும். அதனால் கீரைதான் முதலில்.

6. இப்போது அடுப்பைக் குறையுங்கள். விறகு அடுப்பானால் விறகை வெளியே இழுத்துவிட்டுத் தணலிலேயே செய்யலாம். முட்டையை ஊற்றி, அரை நிமிடம் தொடாமல் விடுங்கள். ஓரம் வெந்ததும் அடியிலிருந்து புரட்டிப் புரட்டி உதிர்த்துவிடுங்கள்.

7. ஈரம் போய், பச்சை முட்டை எங்கும் தெரியாமல் வெந்ததும் மிளகு சீரகப் பொடி தூவி இறக்குங்கள். இறக்கிய பிறகு எலுமிச்சம்பழம் பிழியுங்கள்.

பெரிய தீயில் வைத்தால் முட்டையில் உள்ள புரதம் இறுகி, தண்ணீரைக் கக்கிவிடும். ரப்பர் மாதிரி ஆவது அதனால்தான். அதற்காக அரைவேக்காட்டிலும் இறக்கக் கூடாது. கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் சாப்பிடும் வீட்டில் முழுக்க வெந்திருக்க வேண்டும்.

எலுமிச்சை ருசிக்கு மட்டுமல்ல. அதில் உள்ள வைட்டமின் சி, கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சேர உதவும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தச் சத்து சேருவது குறைந்துவிடும். டீயை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.

மூன்று முட்டைதான் இருக்கிறதா?

கையில் காசு இல்லாத வாரமும் வரும். மூன்று முட்டையில் 18 கிராம் புரதம்தான். ஐந்து பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு நாலு கிராம்கூட வராது. வெங்காயத்தைக் கூடப் போட்டால் அளவு கூடும், சத்து கூடாது. அதற்குப் பதிலாக 50 கிராம் பாசிப்பருப்பை மலர வேகவைத்து, கீரையோடு சேருங்கள். அதில் சுமார் 12 கிராம் புரதம் இருக்கிறது. மொத்தம் 30 ஆகிவிடும். ஆளுக்கு 6 கிராம், ஒரு முட்டைக்குச் சமம். முட்டை சாப்பிடாத சகோதரிகள் பருப்பையும் கீரையையும் மட்டும் வைத்துச் செய்யலாம், பருப்பைக் கூட்டிப் போடுங்கள்.

வீட்டில் நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள், முட்டையை நல்ல விலைக்கு விற்றுவிட்டு வெறும் சோறு சாப்பிடுவதைப் பார்க்கிறோம். நாட்டு முட்டைக்கும் நாமக்கல் வெள்ளை முட்டைக்கும் எடைக்கு எடை சத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நாட்டு முட்டையை விற்கிற காசில் வெள்ளை முட்டை வாங்கினால், எண்ணிக்கை கூடக் கிடைக்கும். விற்கலாம், ஆனால் வீட்டுக்கு வாங்காமல் வரக் கூடாது.

"வயசுக்கு வந்த பிள்ளைக்கு முட்டை சூடு" என்று நிறுத்துகிறவர்களும் உண்டு. முட்டையால் உடம்பில் சூடு ஏறாது. மாதாமாதம் இரத்தம் போகிற பிள்ளைக்குத்தான் நல்ல சாப்பாடு அதிகம் தேவை.

அடுப்படியிலேயே பங்கு போடுங்கள்

இதுதான் பாடத்தின் முக்கியமான பகுதி. பொடிமாஸை இறக்கியதும், சாப்பாடு போடுவதற்கு முன்பே, ஐந்து கிண்ணத்தில் சமமாகப் பிரித்து வையுங்கள். ஐந்தாவது கிண்ணம் உங்களுடையது. அதை மூடி வையுங்கள். யாராவது "இன்னும் கொஞ்சம்" என்று கேட்டால் குழம்பு ஊற்றுங்கள், அந்தக் கிண்ணத்தைத் திறக்காதீர்கள்.

முதலில் மனசுக்கு ஒரு மாதிரி இருக்கும். "பிள்ளை கேட்டா எப்படிம்மா கொடுக்காம இருக்கிறது?" என்பீர்கள். ஒன்றை யோசியுங்கள். குழுவில் ஒரு உறுப்பினர் ஒரு வாரம் சந்தா கட்டவில்லை என்றால் நோட்டில் எழுதுகிறோம், காரணம் கேட்கிறோம். வருஷக்கணக்காக நம் தட்டில் விழாமல் போன பங்கை எந்த நோட்டில் எழுதினோம்? அம்மா கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுவதைப் பார்த்து வளரும் மகளும் நாளைக்கு அதையேதான் செய்வாள். அம்மாவுக்கும் ஒரு கிண்ணம் உண்டு என்று பார்த்து வளரும் மகன், நாளைக்குத் தன் மனைவிக்கும் எடுத்து வைப்பான்.

குழுக் கூட்டத்தில் பேச

1. நம் வீட்டில் கடைசியாக முட்டை சமைத்த அன்று, நம் தட்டில் எவ்வளவு இருந்தது?
2. நம் குழுவில் கடந்த ஆறு மாதத்தில் இரத்தம் பரிசோதித்தவர்கள் எத்தனை பேர்?
3. முருங்கைமரம் உள்ள உறுப்பினர்கள் மற்றவர்களுக்குக் கீரை கொடுக்க முடியுமா? வேலிக்கு ஒரு போத்து நட முடியுமா?

ஊக்குநர்கள் இந்தக் கேள்விகளைக் கூட்டத்தில் வாசித்து, எல்லோரையும் பேச வையுங்கள். அடுத்த கூட்டத்துக்குள் ஒரு நாளாவது ஐந்தாவது கிண்ணத்தை மூடி வைத்து, உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.