ஆராய்ச்சி முடிவுகளைக் குடியானவர்களுடன் கூடி எளிய நடையில் எழுதும் முறை

ஆராய்ச்சி நிலையத்தில் பல போகம் பரீட்சித்துக் கண்ட முடிவு ஏட்டிலேயே தங்கிவிடுமானால் நிலத்துக்கு அதனால் பயனில்லை. அது துண்டுப் பிரசுரமாகக் கிராமத்துக்கு வந்து, படிப்பவர் தவறாகப் பொருள் கொள்வாராயின் நஷ்டமும் நேரும். ஆதலின் சுருக்கம் எழுதுவோர், அதன்படி நடக்க வேண்டிய குடியானவர்களையும் உடன் வைத்துக்கொண்டு எழுதுதல் அவசியமாகிறது.

வைத்தியத் துறையில் இம்முறை வேரூன்றியிருக்கிறது. 1993-இல் இங்கிலாந்தில் நிறுவப்பட்ட காக்ரேன் கூட்டமைப்பு, ஒரே சிகிச்சையைப் பற்றிப் பல தேசங்களில் நடந்த பரிசோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்து, அவ்வாய்வுரைகளோடு பொதுமக்களுக்கான எளிய சுருக்கத்தையும் வெளியிடுகிறது. நோயாளிகளும் பொதுமக்களும் வரைவுகளைப் படித்து அபிப்பிராயம் கூறுதல் அங்கு வழக்கம். பயிர்த் தொழிலுக்கும் இது முற்றிலும் பொருந்தும் என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குவோம்.

உதாரணம்

நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுவதைப் பற்றிய 56 ஆராய்ச்சிகளைத் தொகுத்த ஆய்வு ஒன்று 2017-இல் வெளியாயிற்று. அதன் முடிவை ஒருவர் பின்வருமாறு சுருக்கி எழுதுவதாக வைத்துக்கொள்வோம்:

“நீர்மட்டம் 15 செ.மீ.க்குக் குறையாத மித முறையில் நீர் உபயோகம் 23.4 சதவீதம் குறைந்தது. மகசூலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.”

எழுதியவர் கருத்தில் பிழையில்லை. ஆனால் குடியானவர் இதைப் படித்தால், வயலில் அரை அடி நீர் எப்போதும் நிற்க வேண்டும் என்றே கொள்வார். கருதிய பொருளோ, தரைமட்டத்துக்குக் கீழே 15 செ.மீ., அதாவது 6 அங்குலம் வரை நீர் இறங்கலாம் என்பது. “தரைக்குக் கீழே” என்னும் சொற்கள் விடுபட்டதால் பொருள் தலைகீழாயிற்று.

“குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை” என்பதும் அத்தகையதே. வயலுக்கு வயல் இயல்பாக உள்ள ஏற்றத்தாழ்விலிருந்து பிரித்தறியக்கூடிய வேறுபாடு காணவில்லை என்பதே ஆராய்ச்சியாளர் கருத்து. “ஒரு படியும் குறையாது” என்ற உறுதிமொழியாகக் குடியானவர் அதைக் கொள்ளலாகும்.

இன்னும், கேட்பவர் வினவும் வினாக்களுக்கு அதில் விடையில்லை. “அதற்கும் மிஞ்சிக் காய்ந்துவிட்டால் என்ன ஆகும்? என் நிலத்துக்கு இது ஏற்குமா?” என்று நிலக்காரர் கேட்பார். “நீர் நில்லாவிட்டால் களை மிகுமே, கூலி யார் கொடுப்பது?” என்று களை பறிக்கும் பெண்கள் கேட்பர். இவ்வினாக்களை முன்வைத்துத் திருத்தினால் சுருக்கம் பின்வருமாறு அமையும்:

“தரைக்குக் கீழே 6 அங்குலத்துக்கு அதிகமாக நீர் இறங்குமுன் மறுபடி பாய்ச்சிய வயல்களில், ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நீர் மிச்சமாயிற்று, விளைச்சல் பெரும்பாலும் குறையவில்லை. அதற்கும் மிஞ்சிக் காயவிட்ட வயல்களிலோ, 100 மூட்டை காணும் இடத்தில் சுமார் 77 மூட்டையே கண்டது. காரத்தன்மையுள்ள நிலத்திலும், மக்குச் சத்துக் குறைந்த நிலத்திலும், பயிர்க்காலம் முழுவதும் காயவிட்ட இடத்திலும் நஷ்டம் அதிகம்.”

தமிழ்நாட்டு நிலங்களில் பல காரத்தன்மையும் மக்குக் குறைவும் உடையவை. ஆகவே இக்கடைசி வாக்கியத்தை விட்டுவிடுவது பெருந்தவறாகும். களையைப் பற்றிய கேள்விக்கு மேற்படி முடிவில் விடையில்லாவிடின், “இதை இவ்வாய்வு கூறவில்லை” என்று வெளிப்படையாக எழுதிவிட வேண்டும்.

கைக்கொள்ள வேண்டிய முறைகள்

1. ஆறு அல்லது எட்டுப் பேரைக் கூட்டுக. சொந்த நிலக்காரர் மாத்திரம் போதாது. குத்தகைதாரர், நீர் பாய்ச்சுபவர், நடவும் களையும் செய்யும் பெண்கள் ஆகியோரும் இருத்தல் வேண்டும்.

2. வரைவை உரக்க வாசிக்கச் செய்க. “விளங்கிற்றா?” என்று வினவுதல் வீண், மரியாதைக்காக “விளங்கிற்று” என்பர். “நாளைக் காலை உங்கள் வயலில் என்ன செய்வீர்கள்?” என்று கேட்க வேண்டும். விடை தவறாயின் குற்றம் வாக்கியத்தினுடையது, கேட்டவருடையதன்று.

3. அளவுகளை அங்குலம், மூட்டை, ஏக்கர் என வழக்கிலுள்ளபடி கூறுக. சதவீதத்தை “நூற்றுக்கு இத்தனை” என எழுதுக.

4. நன்மையைச் சொன்ன இடத்திலேயே நஷ்டத்தையும், எந்நிலத்தில் பரீட்சித்தது என்பதையும் சொல்லுக.

5. திருத்தியபின் ஆராய்ச்சியாளர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எளிமைக்காக உண்மை மாறலாகாது. சொல்லை மாற்றும் உரிமை குடியானவருக்கு உண்டு. முடிவை மாற்றும் உரிமை எவருக்கும் இல்லை.

6. வந்தவர்களுக்கு அன்றைய கூலியும் வழிச்செலவும் கொடுத்தல் நியாயம். அவர்கள் சம்மதித்தால் பெயர்களையும் பிரசுரத்தில் சேர்க்கலாம்.

கிராம அலுவலர்கள் இத்தகைய கூட்டத்துக்கு ஆட்களைச் சேர்க்கும்போது, பேசப் பழகிய நாலு பேரையே எப்போதும் அழைத்தல் கூடாது. எழுத்தறியாதவர் ஒருவர் கேட்டுப் புரிந்துகொண்டு திருப்பிச் சொல்வாராயின், அச்சுருக்கம் ஊருக்கெல்லாம் விளங்கும் என்று கொள்ளலாம்.

குடியானவர்களும் இதில் கூச்சப்பட வேண்டுவதில்லை. வாக்கியம் விளங்காதபோது கேட்டுவிடுவது, விளங்காமலே வயலைக் காயவிடுவதைக் காட்டிலும் செலவு குறைந்தது.