நான் அமைத்த ஆக்கத்திரட்டு இணையத்தளம்

தொழிலுக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழ்களை ஒரு கோவையில் இட்டு எடுத்துச் செல்கிறோம். மென்பொருள் உருவாக்குநரோ, தான் செய்த வேலைகளையே இணையத்தில் திறந்து காட்டுகிறார். அதுவே ஆக்கத்திரட்டு இணையத்தளம். அதனை அமைத்தபோது நான் கற்றவை தங்கைமாருக்கு உதவும் என எண்ணுகிறேன்.

எனது முதல் தளத்தில் நட்சத்திரங்கள் பறந்தன. எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தோன்றின. உம்மாவின் கைப்பேசியில் திறந்தபோது நெடுநேரம் வெள்ளைத் திரைதான் தெரிந்தது. பின்னர் உம்மா கேட்டார்: "வடிவாத்தான் இருக்கு மகள். நீ என்ன செஞ்ச என்டு இதுல எங்க இருக்கு?"

மீண்டும் ஆரம்பித்தேன். டிம் பேர்னர்ஸ்-லீ, சேர்ன் ஆய்வு நிலையத்தில் உருவாக்கிய உலகின் முதல் இணையத்தளத்தில் எழுத்தும் இணைப்புகளும் மட்டுமே இருந்தன. நானும் முதலில் எச்.டி.எம்.எல். கொண்டு உள்ளடக்கத்தை ஒழுங்குபடுத்தினேன், பின்னரே சீ.எஸ்.எஸ். மூலம் நிறமும் அமைப்பும் கொடுத்தேன். படங்களின் அளவைக் குறைத்தேன். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான நிற வேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்ற சர்வதேச வழிகாட்டலைப் பின்பற்றினேன்.

ஒவ்வொரு வேலையின் கீழும் நான்கு விடயங்களை எழுதினேன்: யாருடைய பிரச்சினை, நான் செய்தது என்ன, எங்கே பிழைத்தது, எப்படித் திருத்தினேன். வாப்பாவின் கடைக் கடன் கொப்பிக்காக நான் எழுதிய மென்பொருள், கடனில் ஒரு பகுதியை மட்டும் கட்டியவரின் கணக்கை முதலில் பிழையாகக் காட்டியது. அதனையும் மறைக்காமல் எழுதினேன். நட்சத்திரங்களை யாரும் பறக்கவிடலாம். இந்தக் கதை என்னிடம் மட்டுமே இருந்தது.

வெளியிடுமுன் வாப்பாவிடம் காட்டினேன். மென்பொருளின் படத்தில் கடன்காரர்களின் உண்மைப் பெயர்களும் தொகைகளும் இருந்தன. "இது ஆக்கள் நம்மள நம்பித் தந்த அமானிதம் மகள். ஊருக்குக் காட்டுறதுக்கில்ல" என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை.

கற்பனைப் பெயர்களை இட்டேன். ஆனால் அது போதாது. கிட்ஹப் பழைய பிரதிகளையும் சேமித்து வைக்கும். அங்கு இலவசமாகத் தளம் வெளியிட, கோப்புகளை எவரும் பார்க்கக்கூடியவாறு வைக்க வேண்டும். ஆகவே பழைய வரலாறு இல்லாத புதிய களஞ்சியம் ஒன்றைத் தொடங்கினேன். எனது தொலைபேசி இலக்கத்தையும் வீட்டு முகவரியையும் நீக்கினேன். முகப்படமும் இடவில்லை, வேலையைக் காட்ட அது அவசியமில்லை. தொடர்புக்கு இதற்கென்றே ஒரு மின்னஞ்சல் வைத்தேன். கைப்பேசியில் எடுக்கும் படத்தினுள் எடுத்த இடமும் பதிவாகியிருக்கலாம் என்பதால் அதனையும் அகற்றினேன்.

தங்கைமாரே, உங்கள் தளத்தை வெளியிடுமுன் கணினி தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். பெற்றோரே, பிள்ளை காட்டும்போது சற்று நேரம் ஒதுக்கிப் பாருங்கள். என் தளத்தின் இரு பெரும் பிழைகளையும் கண்டுபிடித்தவர்கள் உம்மாவும் வாப்பாவுமே.